நாற்பத்தொரு ஓட்டு

என் அத்தானை எல்லோரும் பூட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மற்ற நேரமெல்லாம் கட்சி. தெருவுக்குப் பத்துப் பேர் ஆதரித்தாலும் எந்தத் தொகுதியிலும் முதலிடம் வராத சின்னக் கட்சி. முப்பது வருடத்தில் ஒரு இடம்கூடக் கிடைத்ததில்லை. வேலையற்ற வேலை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

அவருக்கும் தெரியாமல் இல்லை. வெளியில் தொண்டை வறளத் தன் கட்சிக்கு ஓட்டுக் கேட்பார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் குரலைத் தாழ்த்துவார்.

"நமக்குப் போட்டா வீணாத்தான் போகும். பெரிய கட்சிக்குப் போடு. இல்லேன்னா அந்த அடாவடிக் கும்பல் வந்துடும்."

அக்கா ஒரு தையல் ஆலையில் மேற்பார்வையாளர். கேட்டதை அப்படியே அங்கிருந்த பெண்களிடமும் சொல்வாள்.

பிறகு சட்டம் மாறியது. நாடு முழுக்க வாங்கும் ஓட்டின் விகிதப்படி இடங்கள். ஆனால் நூற்றுக்கு ஐந்து எட்டாத கட்சிக்கு ஒன்றும் கிடையாது. கட்சியின் வேட்பாளர் பட்டியலில் முதல் ஆள் அத்தான். இனி ஒரு ஓட்டும் வீணாகாது என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஒரு துள்ளல். நானே வெட்கத்தை விட்டு நோட்டீஸ் கொடுத்தேன்.

நாற்பத்தொரு ஓட்டுக் குறைந்து நூற்றுக்கு ஐந்து எட்டாமல் போனது.

முடிவு வந்த மாலை அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் தேர்தல் அலுவலகத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"நான் பெரிய கட்சிக்குத்தாங்க போட்டேன். ஆலையில அறுபது பேரையும் போடச் சொன்னேன். வெளியில நீங்க எப்பவும் நமக்குத்தானே கேப்பீங்க, வீட்டுல வேறதானே சொல்வீங்க..."

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் சொன்னேன். உன்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் குத்திக்காட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். கட்சி அந்த வருடமே கலைந்துபோனது.

அடுத்த தேர்தலில் அக்கா விடிந்ததும் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அத்தான் கட்சியின் சின்னம் இருக்காது என்று தெரிந்தும், ஓட்டுச் சீட்டில் மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேடியிருக்கிறாள். எதிலும் குறி போடாமல் மடித்துப் போட்டுவிட்டு வந்ததாக என்னிடம் மட்டும் சொன்னாள்.