மேடையில் கட்டிய தோரணம்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தும் இந்த ரொறன்ரோவில் சொந்த வீட்டில் இருக்கின்றன. எனக்கு எழுத்துத்தான் குறைவு, அதனால் நான் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதுகிறது; ஞாபகம் குறைவில்லை.

வோபர்னில் எங்கள் கட்டடத்தில் ஒரு கென்யாக் குடும்பம் இருக்கிறது. போன டிசம்பரில் தங்கள் சுதந்திர தினத்துக்குக் கீழ் மண்டபத்தில் பலூன் கட்டி என்னையும் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் நான் அண்ணாந்து பார்த்தேன். பழைய பயம்.

நான் வளர்ந்தது கென்யாவில், மொம்பாசாவில். அப்பாவுக்கு அங்கே தையல் கடை. சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் இருக்கும். சுதந்திர தினத்தன்று அலங்காரமில்லாமல் கடை வெறுமையாக நின்றால், 'இவர்களுக்கு எங்கள் சந்தோஷம் பிடிக்கவில்லை' என்று சனம் நினைக்கும், பிறகு இங்கே இருக்க விடாது என்று அப்பா நடுங்கினார்.

காலையில் துறைமுகத்துக்குப் போய் வந்த மாமா, அம்மாவின் தம்பி, தென்னங்குருத்தில் தோரணம் பின்னிக் கடை வாசலில் கட்டினார். கடலுக்கு அப்பால் எங்கள் சொந்த ஊரில் நல்ல காரியத்துக்கு ஓலையிலேயே நாலு குருவி மேலே பார்க்கப் பின்னுவோம். செத்த வீட்டுக்கு மூன்று, தலைகீழாக. மாமா கட்டியதில் மூன்று.

"மாமா, உது செத்த வீட்டுத் தோரணமெல்லோ!"

"பொத்தடி வாயை," என்று அம்மா என் தொடையில் கிள்ளினா. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பும் மூட்டவில்லை. கொண்டாட்ட நாள், வெளியே சாப்பாடு தருவார்கள் என்று நான் நினைத்தேன்.

விழாக்குழுத் தலைவர் வந்தார். எல்லாரும் காகிதம் ஒட்ட நீங்கள் ஓலையில் பின்னியிருக்கிறீர்களே என்று அப்பாவின் தோளில் தட்டிவிட்டு, தோரணத்தை மேடைக்கே கொண்டுபோனார். மறுத்தால் பிழையாகும் என்று அப்பா தலையை ஆட்டினார்.

மைதானத்தில் பாண்ட் அடித்தது. கொடிக்கு மேலே மூன்று குருவியும் தலைகீழாக ஆடின. எங்களைத் தவிர அங்கே அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஊர் டொக்டரின் மனைவி. அவ அண்ணாந்து பார்த்தா. நேரே அம்மாவிடம் வந்தா.

"எப்பவாம், தங்கச்சி?"

"போன மாசமாம், அக்கா. கப்பல்ல வந்த ஆள்தான் சொன்னது."

அவ அம்மாவின் கையை விடவேயில்லை. மாமாவின் பிழையை இவ காட்டிக்கொடுத்துவிடக் கூடாது, எங்களைத் துரத்தக் கூடாது என்று நான் பிள்ளையாரைக் கும்பிட்டபடி நின்றேன். பிள்ளையார் கேட்டார். வேறு ஒருவருக்கும் தெரியவில்லை.

ஊரில் அம்மாவின் அப்பா செத்த செய்தி அது என்று, நான் கல்யாணம் முடித்த பிறகுதான் அம்மா சொன்னா. சுதந்திர நாளில் ஒப்பாரி வைக்கப் பயந்து அம்மாவும் மாமாவும் வாயைக் கட்டியிருக்கிறார்கள். மாமாவின் கை பிழைவிடவில்லை.

எங்கே, பிள்ளை, இதை ஒருக்காத் திருப்பி வாசி. பாண்ட் அடிக்கிற இடத்தில அவசரப்படாதை.