பொட்டு வைத்த பிலிம்

அந்த நூலக உதவியாளரின் ஆள்காட்டி விரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. வெற்றிலை போட்டுச் சிவந்த நாக்கில் அதைத் தொட்டுத் தொட்டுத்தான் எதையும் புரட்டுவார். இரண்டாயிரத்து இரண்டில், கம்பத்துப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் அவரிடம் போய் மாட்டினேன்.

நான் போனது என் அப்பாவின் முகத்தைப் பார்க்க. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். திராட்சைக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியபோது பத்திரிகையில் வந்ததுதான் அவர் எடுத்துக்கொண்ட ஒரே படம். அம்மா மடித்து வைத்திருந்த அந்தத் தாளைக் கரையான் தின்றுவிட்டது. பழைய பத்திரிகைகளை மைக்ரோஃபிஷ் ஆக்கி அந்தக் கல்லூரிக்கு யாரோ கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடமலைக்குண்டில் பஸ் ஏறினேன்.

மைக்ரோஃபிஷ் என்பது அஞ்சலட்டை அளவு பிலிம். ஒரு வாரத்துப் பத்திரிகை முழுவதும் அதில் நகக்கண் அளவுக் கட்டங்களாக இருக்கும். மிஷினில் வைத்தால் பெரிதாகத் தெரியும். உதவியாளர் எச்சில் விரலால் தள்ளித் தள்ளி நாங்கள் கேட்ட வாரத்தை எடுத்தார். அதன் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பெட்டியில் இருந்த எல்லாவற்றிலும் அப்படியே.

"என்னங்க இது?"

"ஆயுத பூசைக்கு வச்சது சார். மிசினுக்கு மட்டும் வச்சா ஆச்சா? ஒவ்வொரு பிலிமும் ஒரு பொஸ்தகம்னு லைப்ரேரியன் சொன்னாக. சரசுவதிய சும்மா விடலாமா?"

பெருமையாகத்தான் சொன்னார். புத்தகத்துக்கு அட்டை உண்டு, பொட்டை அது வாங்கிக்கொள்ளும். இதற்கு ஏது அட்டை? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அவரை அறையலாம் போல இருந்தது.

மிஷின் கண்ணாடியில் விரல் பிசுக்கு, நசுங்கிய கொசு. அம்மா திரைக்கு வெகு அருகில் வந்து நின்றாள். பக்கங்களை நகர்த்திக்கொண்டே வந்தேன். திராட்சைக் கண்காட்சி என்ற தலைப்பு வந்தது. கீழே வேட்டி, பரிசுக் கோப்பையைப் பிடித்த ஒரு கை. கழுத்துக்கு மேலே, பொட்டு விழுந்த இடத்தில், வட்டமாக ஒரே கருப்பு.

"அவுக கைதான்யா" என்றாள் அம்மா.

"லைப்ரேரியன் நாளைக்கு வருவாக. மருந்து வச்சுத் தொடைப்பாக" என்றார் உதவியாளர்.

நாளை வரை எனக்குப் பொறுமை இல்லை. பிலிமை உருவினேன். நாக்கில் விரலைத் தொட்டு, பொட்டின்மேல் வைத்துத் தேய்த்தேன். குங்குமம் சுலபமாக வந்தது. கூடவே கருப்பாக ஏதோ வழுவழுவென்று வந்தது. அழுக்கேறிய சந்தனம் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன்.

திரும்ப வைத்தபோது தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே பிலிமின் பூச்சே உரிந்து வெறும் வெளிச்சம். கையும் இல்லை.

என் விரலைப் பார்த்தேன். அந்த ஆளின் விரலைப் போலவே சிவந்து, எச்சிலில் ஈரமாக இருந்தது. சட்டையில் துடைக்கவும் அருவருப்பாக இருந்தது, துடைக்காமல் வைத்திருக்கவும் முடியவில்லை.

அம்மா என் தோளைத் தொட்டாள். "விடுய்யா. நான் பாத்த மொகந்தான, எனக்கு நெஞ்சுக்குள்ள இருக்கு. ஒனக்குக் காட்டத்தான் வந்தேன்."