ராக்கையாவின் சிவந்த மீசை

இருளம்மாளும் மகன் ஞானசிகாமணியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை மஞ்சள் இடித்தது. அவர் உரலில் இடித்தார், அவன் சலித்தான்.

"மெட்ராசுல படிச்சவன் சலிக்கிற லச்சணத்தப் பாரு. பாதி ஒன் தலையிலதேன் கெடக்கு" என்று சிரித்தார்.

அந்த மஞ்சள் குளிக்கவும் அல்ல, குழம்புக்கும் அல்ல.

ஜெயமங்கலத்தில் அவருடையது சின்னச் சாயப்பட்டறை. சிவப்பு நூலுக்கு, முதல் தொட்டியில் ஒரு வெளிர் தூளைக் காஸ்டிக் சோடாவில் கரைப்பார்கள். அதில் நூல் நிறமே காட்டாது. இரண்டாவது தொட்டியில் முங்கியதும் குப்பென்று சிவக்கும்.

1939இல் சாயத்தொழில் படித்துவிட்டு வந்த ஞானசிகாமணி ஒரு செய்தியும் கொண்டுவந்தான். அந்த வகைத் தூள்களை நெடுங்காலம் கையாண்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மூத்திரப்பையில் புற்று வந்திருந்தது. தோல் வழியாகவும் ஏறும், வாய் வழியாகவும் ஏறும்.

எல்லாரும் பயந்தார்கள், ராக்கையாவைத் தவிர. இருளம்மாளின் தம்பி, பத்து வருடமாக முதல் தொட்டி அவருடையது. ஞானசிகாமணியைத் தோளில் தூக்கி வளர்த்த மாமா.

"ஒட்டுனாத்தானப்பா வெசம்? பாரு, கை பளிச்சுனு இருக்கு" என்று அதே கையால் வெற்றிலை மடித்தார்.

"ஆத்தா, மாமாவ இப்பிடியே விட்டா நமக்கு மிஞ்ச மாட்டாக" என்றான் ஞானசிகாமணி.

இருளம்மாள் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். காலையில் பூசிய மஞ்சளில் சிவப்புப் புள்ளிகள்.

"இது என்னடா?"

"காஸ்டிக் சோடாக் காரம் தெறிச்சிருக்கு ஆத்தா. ஆரத்தித் தண்ணியில சுண்ணாம்பு பட்டாச் செவக்கும்ல, அது மாதிரி."

தூள் கரைந்திருப்பதும் அந்தக் காரத்தில்தான். அவருக்கு அது போதும்.

மறுநாள் கிண்ணம் நிறைய மஞ்சளோடு நின்றார். "ஏலே ராக்கையா, இங்கன வா. இன்னைக்கு ஒனக்கு நலுங்கு."

முகம், கழுத்து, கை, நரைத்த மீசை, எதையும் விடவில்லை. சுண்ணாம்பும் மஞ்சளைச் சிவக்க வைக்கும் என்பதால் அவருடைய சுண்ணாம்பு டப்பியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நூல் பிழியும் பாண்டியம்மாள் குலவையிட்டாள்.

"இந்த வயசுல ரெண்டாந்தாரமாக்கா?" என்றார் ராக்கையா.

"பொண்ணுதேன் அமையல. போயி வேலையப் பாரு."

மத்தியானம் கண்ணாடியைக் காட்டினார். முழங்கை சிவந்திருந்தது. காதோரம் சிவந்திருந்தது. மீசை நுனியும் இரண்டு உதடும் நன்றாகவே சிவந்திருந்தன.

"மாப்பிள்ளைக்கு ஆரு முத்தங் குடுத்தது?" என்றாள் பாண்டியம்மாள். பட்டறையே குலுங்கியது.

ராக்கையா மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "இம்புட்டு நாளும் இதையாக்கா தின்னுருக்கேன்?"

கை, வாய் கழுவிவிட்டு வந்து, வெற்றிலைப் பையை வெளியே வேப்பமரத்தில் மாட்டினார். பிறகு அது பட்டறைக்குள் வரவே இல்லை. நூலை நீளக் கோலில் கோத்து முக்கினார்கள். தூளைக் கொட்டும்போது மூக்கில் துணி கட்டினார்கள். திங்கட்கிழமைதோறும் மஞ்சள் பூசிச் சோதித்தார்கள். ஒரு புள்ளிகூட இல்லாமல் ராக்கையா வெளியே வந்த அன்று, இருளம்மாள் தெருவுக்கே பணியாரம் சுட்டுக் கொடுத்தார்.

கம்பம் ஊர் நூல் வியாபாரி சேக் தாவூது கேள்விப்பட்டு வந்தார். "எங்க பட்டறையில நாலு பேரு, ஒருத்தனும் என் பேச்சக் கேக்க மாட்டான். நீங்க வந்து பூசுனாத்தேன் அடங்குவாங்ஙெ அக்கா."

"செவ்வாக்கிழம வாரேன். மீசையோட இருக்கச் சொல்லுங்க."

அதற்காகத்தான் அந்த மஞ்சள். ஆளுக்கொன்றாகத் துணியில் நான்கு முடிச்சுப் போட்டார்.

திங்கட்கிழமை காலை தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்த இருளம்மாள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

நான்கு முடிச்சுகளும் பட்டறை வாசல் ஆணியில் தொங்குகின்றன. கம்பத்துக்கு இன்னும் யாரும் போகவில்லை.