பிடிக்குள் இருந்த தோல்துண்டு

ஆம்பூரில் வாள் செய்வதில்லை. வாளுக்கு உறை தைக்கிறார்கள். வடக்கே ஏதோ ஒரு பட்டறையில் அடித்த வாள்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். பழைய ஐரோப்பியப் போர்வீரர்கள் இடுப்பில் கட்டிய வாள்களின் மாதிரிகள் அவை. தன்சீல் அகமதுவின் சிறிய தொழிற்கூடத்தில் அவற்றின் பிடிக்கு ஆட்டுத்தோல் சுற்றி, மாட்டுத்தோலில் உறை தைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே பழங்கால விழா கொண்டாடுபவர்கள் அவற்றை வாங்கி, மழுங்கிய அலகுகளால் மோதி விளையாடுவார்களாம். விலை குறைவு என்பதால்தான் அவற்றுக்கு அத்தனை கிராக்கி.

அந்த வாள்களைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பவர் மெர்சி. அதற்கு முன்பு காலணித் தொழிற்சாலையில் தையல் பிசிறையும் பசைக் கறையையும் தேடித்தேடிக் கண் பழகியவர். தன்சீல் வேலைக்கு அழைத்தபோது அவர் சிரித்துவிட்டார்.

“கத்தியப் பத்தி எனக்கு இன்னா பாய் தெரியும்? வெங்காயம் நறுக்குறதோட சரி.”

“குறை எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாக்கத் தெரியும் இல்ல? அது போதும்மா.”

குறைகளை மெர்சி முறிந்த வாள்களிடமிருந்தே கற்றுக்கொண்டார். கண்ணாடியாக மின்னும் அலகைக் கண்டால் அவருக்கு முதலில் ஐயம்தான் வரும். அது சுவரில் மாட்டுவதற்கானது, மோதினால் சிதறும். அரம் தேய்த்த கீறல்களோடு மங்கலாக இருப்பதைப் பற்றி அவர் கவலைப்படமாட்டார். மலிவான வாள் அழகாக இல்லாமல் போகலாம். நேர்மையாக இருந்தால் போதும். அலகு பிடியருகே தடித்து நுனியை நோக்கி மெலிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். மெலியாவிட்டால் கையில் கடப்பாரையாகக் கனக்கும். பின்பு நுனியைப் பலகையில் ஊன்றி வளைத்து விடுவார். அது துள்ளி நேராக வேண்டும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது ஒன்று உண்டு. அலகிலிருந்து பிடிக்குள் இறங்கும் இரும்பை அங்கே ‘வால்’ என்பார்கள். வால் அலகோடு ஒன்றாய், அகலமாக ஓடினால் வாள் தாங்கும். சில பட்டறைகளில் செலவைக் குறைக்க மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்துப் பிடிக்குள் மறைத்துவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க மெர்சிக்கு இரண்டே வழிகள்தாம் இருந்தன. வாளைக் காதருகே வைத்துக் குலுக்கினால், கம்பி வால் உள்ளே ஆடி ஓசை எழுப்பும். கையைக் காக்கும் குறுக்குக் காப்புக்கும் அலகுக்கும் இடையே உள்ள இடுக்கில் விளக்கடித்துப் பார்த்தால், வால் அகலமானதா மெலிந்ததா என்பது தெரியும்.

ஒருநாள் தன்சீல் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். எங்கோ ஒரு விழாவில் யாரோ விற்ற வாள் பிடியருகே முறிந்து, அலகு சுழன்று பறந்து, வேடிக்கை பார்த்தவர்களின் காலடியில் விழுந்தது. அன்றிலிருந்து மெர்சிக்கு ஓர் அச்சம் பிடித்துக்கொண்டது. தாம் ‘சரி’ என்று சொல்லி அனுப்பிய வாளால் யாராவது ஒருவர் காயப்பட்டுவிட்டால்?

அந்த ஆண்டு ஆலயத் திருவிழாவில் இரு இளவரசர்களின் நாடகம் ஏற்பாடாகியிருந்தது. மூத்தவனாக நடித்தவர் மெர்சியின் கணவர் இளம்பரிதி, பள்ளி வேன் ஓட்டுநர். இளையவன், மின்சாதனக் கடை வைத்திருக்கும் நவீன்குமார். அட்டை வாளைப் பிடித்துக்கொண்டு சண்டையிட வெட்கமாக இருக்கிறது என்று இருவரும் நச்சரித்தார்கள். தன்சீலும் இசைந்தார். சோதனையில் தேறியவற்றிலிருந்து இரண்டு வாள்களை மெர்சி தாமே பொறுக்கிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் மனம் ஆறவில்லை. நாடகத்தன்று பிற்பகல், தேநீர்க் கோப்பையோடு தொழிற்கூட வாசலில் உட்கார்ந்திருந்தபோது, பிடிகளுக்குத் தோல் சுற்றும் அந்தோணி அருகில் வந்து அமர்ந்தார்.

“இன்னா மெர்சி, இன்னிக்கி உன் வீட்டுக்காரர் ராஜாவாமே? வேன் ஹாரன் மாதிரி வசனம் பேசப் போறாரு.”

“சும்மா இருங்கண்ணா. அந்த வாளுங்கள நெனச்சாலே பயமா இருக்குது.”

“இன்னாத்துக்குப் பயம்? நீ எடுத்துக் குடுத்த ரெண்டும் என் கைப்பட சுத்துனது. ஒண்ணு மட்டும் லொடலொடன்னு ஆடிக்கினு இருந்துச்சு. தோல ஆப்பு மாதிரி சீவிக் காப்புக்கடியில சொருகிட்டேன். இப்போ கல்லு மாதிரி நிக்குது.”

மெர்சி கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆடுச்சா?”

“ஆமாம்மா. ஷூவுல நடுவுல பள்ளம் இருந்தா துண்டு வெச்சி நெரப்புறது இல்லியா? அதே மாதிரிதான்.”

அந்தோணி தீங்கு நினைத்துச் செய்யவில்லை. காலணி செய்பவருக்கு இடைவெளி என்பது நிரப்ப வேண்டியது. நிரப்பாமல் விட்டால்தான் குற்றம். ஆனால் அந்தத் துண்டு, வாளின் ஓசையையும் அடக்கிவிட்டது, எட்டிப்பார்க்கும் இடுக்கையும் அடைத்துவிட்டது. காலணித் தொழிற்சாலையைப் போலவே இங்கும் சோதனை கடைசியில்தான் நடந்தது. மெர்சியின் கைக்கு வரும்போது அந்த வாளிடம் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

“எந்த வாள்ணா அது?”

“ரெண்டும் ஒரே கருப்புத் தோலு. எப்படிச் சொல்றது?”

மெர்சி கைப்பேசியில் கணவரை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அரச உடையில் கைப்பேசிக்குப் பை இல்லை. ஆட்டோவில் ஏறினார். திருவிழாக் கூட்டம் தெருவை அடைத்திருந்ததால் பாதியிலேயே இறங்கி ஓடினார். ஒலிபெருக்கி, ஓடும் வழியெல்லாம் நாடகத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. “தந்தையின் அரியணை எனக்கே உரியது!” என்றது இளம்பரிதியின் குரல். சண்டைக்கு முன்பு ஒரு பாட்டு உண்டு என்பது மெர்சிக்குத் தெரியும். பாட்டு தொடங்கியது. வளையல் கடைகளையும் பலூன்காரரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு விரைந்தார். பாட்டு முடிந்தது. “தம்பி, உன் வாளை உருவு!” அடுத்து இரும்போடு இரும்பு மோதும் ஓசை.

மேடைக்கு முன்னால், கைக்கெட்டும் தொலைவில், குழந்தைகள் மணலில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். மெர்சி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பக்கவாட்டுப் படியேறி மேடையின் நடுவே போய் நின்றார்.

“ஏய் மெர்சி, இன்னா இது?” இளம்பரிதி பல்லைக் கடித்தார். ஒலிவாங்கி அதையும் ஊருக்குச் சொன்னது. “நான் இப்போ சாகணும்!”

“அது வேணாம்னுதான் வந்தேன்.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. “டேய், ராணியம்மா சோறு வடிச்சிட்டாங்கடா, ராஜாவ கூட்டிக்கினு போக வந்துட்டாங்க!” என்று ஒருவர் கத்தினார்.

“அக்கா, இன்னும் ரெண்டே அடிக்கா,” என்று கெஞ்சினார் நவீன்குமார்.

“ஒரு அடி கூட வேணாம் நவீன். கீழ வை.”

இளவரசர்கள் பந்தல் மூங்கிலால் சண்டையிட்டு நாடகத்தை முடித்தார்கள். சாகும் காட்சியிலும் சிரிப்பு அடங்கவில்லை. வீடு திரும்பும் வழியில் இளம்பரிதி பத்தடி முன்னாலேயே நடந்தார். இரண்டு வாள்களையும் சாக்கில் சுற்றி அணைத்துக்கொண்டு நடந்த மெர்சிக்கு இப்போது வேறோர் அச்சம்: இரண்டுமே நல்லவையாக இருந்துவிட்டால், இந்த மனிதரை ஊர் முன்னால் வீணாக அவமானப்படுத்தியதாகிவிடுமே!

மறுநாள் காலையில் இளம்பரிதியும் தொழிற்கூடத்துக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். தன்சீல் எல்லாரையும் விலகச் சொல்லி, முதல் வாளால் மரக்கட்டையை ஓங்கி ஓங்கி அடித்தார். வாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இளம்பரிதி மெர்சியைப் பார்த்தார். மெர்சி தரையைப் பார்த்தார்.

இரண்டாவது வாளின் காப்புக்கடியிலிருந்து அந்தோணி குத்தூசியால் தோல்துண்டை நெம்பி எடுத்தார். வாள் ஆடியது. விளக்கடித்துப் பார்த்தபோது, அலகின் அடியில் பென்சில் பருமனில் ஒரு கம்பி. சுற்றிலும் பற்றவைத்த கருமை. தன்சீல் ஓங்கி அடித்தார். கட்டை அசையவில்லை, பிடி மட்டும் அவர் கையில் நின்றது. அலகு சுழன்று போய்த் தகரச் சுவரில் மோதி விழுந்தது.

“இது என் கையில இருந்துச்சா, நவீன் கையில இருந்துச்சா?” என்று இளம்பரிதி மெல்லக் கேட்டார். மெர்சிக்கு அது தெரியவில்லை. அவருடைய கண்கள், வெளிநாட்டுக்கு அனுப்ப ஆணியடித்து அடுக்கியிருந்த பெட்டிகளின் மேல் இருந்தன.

“அண்ணா, வேற எதுலல்லாம் சொருகுனீங்க?”

அந்தோணி கையிலிருந்த தோல்துண்டைப் பார்த்தார். “இந்த லோடுல ஆடுனது எல்லாத்துலயும். முந்தி வந்தது எதுவும் ஆடலம்மா, மாதா மேல சத்தியமா.”

“யா அல்லா, வண்டி வர்ற நேரத்துல பேஜாரா போச்சே,” என்றார் தன்சீல். பெட்டிகளை ஒருமுறை பார்த்தார். தகரச் சுவரின் பள்ளத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்து, மேல் பெட்டியின் ஆணியைப் பிடுங்கத் தொடங்கினார்.

வெளியே போகும் வாசலருகே பல காலமாக இருந்த தம் மேசையை மெர்சி இழுத்தார். அது கனமானது, நகர மறுத்தது. இளம்பரிதி வந்து மறுமுனையைப் பிடித்தார். “எங்க வைக்கணும்?”

“சரக்கு உள்ள வர்ற கதவுகிட்ட. தோலு சுத்துறதுக்கு முன்னாடியே நான் பாக்கணும்.”

மேசையைப் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்த முதல் வாளைக் காதருகே வைத்துக் குலுக்கினார். ஓசை இல்லை. மெர்சி அதை நம்பவில்லை. குத்தூசிக்காக அந்தோணியிடம் கை நீட்டினார்.