பக்கத்துக் கட்டிலில் முதலில் பிரிந்த காற்று

குடலில் வளர்ந்த கட்டியை எடுப்பதற்காகப் போன வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் திருப்பாலைக்குடி பாய் ஒருவர். அவருக்கும் அதே வியாதி, அதே டாக்டர், ஒரே நாளில் ஆபரேஷன். என்னைவிட நாலு வயது மூத்தவர். அதனால் எனக்குப் பின்னால்தான் தேறுவார் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க டாக்டரம்மா வந்து இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். சீக்கிரம் தேற உதவுமா என்று ஒரு மருந்தைப் பரிசோதிக்கிறார்களாம். மயக்கத்தில் கிடக்கும்போது பாதிப் பேருக்கு அந்த மருந்து ஏறும், மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது.

"உப்புத் தண்ணிக்கு இம்புட்டுத் தூரம் வரணுமா தாயி? எங்க சிக்கல் ஊர்ப் பக்கம் போர் போட்டா அதுதான வருது," என்றேன்.

பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டாக்டரம்மா ஜோக் சொன்ன என்னை விட்டுவிட்டு, சிரித்த அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அங்கேயே ஆரம்பித்துவிட்டது எனக்கு.

ஆபரேஷனுக்குப் பிறகு காற்று பிரிந்தால்தான் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். அதுவரை வாயில் ஒன்றும் கிடையாது. தினமும் காலையில் நர்ஸம்மா பரிசோதனை நோட்டோடு வந்து கேட்பார். இரண்டாம் நாளே பாய் கட்டிலில் வெடிச்சத்தம். அவர் மனைவி, "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். அரைமணியில் கஞ்சி வந்தது. மருந்து அவருக்குத்தான் ஏறியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். சித்தப்பா மகன் டிராக்டர் வாங்கியபோது வயிறெரிந்திருக்கிறேன், மச்சினன் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தபோதும்தான். ஒரு மனுஷனின் குசுவுக்குப் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் வராந்தாவில் நடந்துகொண்டே, "என்ன தம்பி, இன்னும் வரலையா?" என்று வேறு கேட்டார் பாய்.

நர்ஸம்மா வந்ததும், "பிரிஞ்சிருச்சு தாயி, ரெண்டு தடவ," என்றேன். ஒன்று போதும்தான், பாயை முந்த வேண்டுமே.

கஞ்சி வந்தது, குடித்தேன். மதியத்துக்குள் வயிறு மத்தளமாய் உப்பி, குடித்ததெல்லாம் வெளியே வந்து, மூக்கில் குழாய் ஏறியது. டாக்டரம்மாவிடம் உண்மையைக் கக்கினேன்.

"உங்க பொய்யையும் சேத்து வச்சுத்தான்யா இந்த மருந்து நல்லதா இல்லையான்னு முடிவு பண்ணியிருப்போம்," என்றார். நர்ஸம்மா என் வரியை அடித்துத் திருத்தினார். அதற்குப் பிறகு அங்கே என் வாய்க்கு மதிப்பில்லை.

ஆறாம் நாள் காலை நிஜமாகவே பிரிந்தது. சின்னதுதான். நர்ஸம்மா பேனாவைத் திறக்கவே இல்லை.

"அன்னைக்கும் இப்படித்தான சொன்னீக?"

வீட்டுக்குக் கிளம்ப, பையைக் கட்டிக்கொண்டிருந்த பாய் திரும்பினார். "இந்தத் தடவ நெசந்தாம்மா. நானே காதால கேட்டேன், எழுதிக்கிருங்க."

எழுதினார்.

"வாரேன் தம்பி," என்று என் கையை அமுக்கிவிட்டு, யார் தோளையும் பிடிக்காமல் வாசலுக்குப் போனார் பாய். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் நடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றைக் கிழித்துத் தைத்த ஆள் நடக்கிற நடையா அது!