ரோட்டோரக் கரட்டு நிலம்

சிலமலையில் சுருளியம்மாளின் வயிற்றெரிச்சலைப் பற்றித் தெரியாத ஆள் கிடையாது. அவளும் அதை மறைத்ததில்லை. கொழுந்தன் பெண்டாட்டி ஈஸ்வரி புதுச் சேலை கட்டினால் போதும், இவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

பாகம் பிரித்த கதையிலிருந்து சொல்ல வேண்டும். அண்ணன் பங்கு வைப்பான், தம்பி முதலில் எடுப்பான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கிணற்றுத் தோட்டத்தை ஈஸ்வரி கேட்டுவிடுவாளோ என்று சுருளியம்மாளுக்குப் பயம். புருஷன் திருப்பதியை நச்சரித்து, மற்றப் பங்கான மானாவாரிக் காட்டோடு போடி ரோட்டோரக் கரட்டு நிலத்தையும் சேர்த்து வைக்கச் சொன்னாள். புல்கூட முளைக்காத கல்லுக்காடுதான். ஆனால் பரப்பு பெரிசாகத் தெரியவே, ஈஸ்வரி அதையே வாங்கிக்கொண்டாள். கிணற்றுத் தோட்டம் தனக்கு வந்ததில் சுருளியம்மாள் ஊருக்கு வடை சுட்டுக் கொடுக்காத குறை.

போன வருஷம் அந்தக் கரட்டில் கார்கள் வந்து நின்றன. பெரிய சூப்பர் மார்க்கெட் வருகிறதாம். அரிசியிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஒரே கூரைக்குள் கிடைக்குமாம். ஈஸ்வரிக்குப் பேசிய விலையைக் கேட்டதும் சுருளியம்மாளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. "என் கையால தூக்கிக் குடுத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். முதல் ஆளாக எழுந்தவள் இவள்தான்.

"மலைத்தண்ணி வர்ற ஓடை அந்தக் கரடு வழியாத்தான் வருது. அதை மூடி சிமெண்டு போட்டுக் கார் நிப்பாட்டுனா, மழைக்கு வெள்ளம் காட்டுக்குள்ள பாயும், கோடைக்கு எங்க கிணறு வத்திப்போகும். ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பு ஏறுற பொம்பளைங்களுக்கு விடியமுன்னே பன்னும் வெத்தலையும் குடுக்குறது நம்ம பெட்டிக்கடைதான். அதெல்லாம் மூடிட்டுப் போனா, அந்த நேரத்துக்கு சூப்பர் மார்க்கெட்டுக்காரன் வந்து கடையத் திறப்பானா?"

சொன்னது அத்தனையும் உண்மை. சொல்ல வைத்தது பொறாமை. கூட்டம் கைதட்டியது; அவளோ ஈஸ்வரியின் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். அது வாடியிருந்தது. வீட்டுக்கு வந்து ரெண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அந்த வாரமே ஈஸ்வரி வீடு தேடி வந்தாள்.

"அக்கா, நீங்க பேசுனதுல இருந்து எனக்கு மனசு கேக்கல. உங்க கிணத்தையும் ஊரையும் கெடுத்துட்டு நான் என்ன வாழ்ந்துறப் போறேன்? நிலம் தர மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."



அதற்கப்புறம் ஊரில் ஈஸ்வரி பேச்சுதான். கோயில் திருவிழாவன்று மேடையேற்றி அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். கூட்டத்தில் பேசியவளை ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கிணற்றில் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. அதை எட்டிப் பார்க்கக்கூட சுருளியம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

"பேசுனது நானு, சால்வை அவளுக்கா?" என்று திருப்பதியிடம் பாய்ந்தாள்.

"விடு புள்ள. உன் நிலமா இருந்தா நீயும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்ப" என்றார் அவர், சமாதானமாக.

"என்கிட்ட யாரு வந்து கேட்டா?" சுருளியம்மாள் அழுதேவிட்டாள். "மாட்டேன்னு சொல்றதுக்குக்கூட அவதான குடுத்து வச்சிருக்கா!"