உரித்து நட்ட பூண்டு

கேன்டீனில் அவளைப் பூண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பதிவில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வருஷமாக, காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, தண்ணீரில் ஊறிய பூண்டை உரிப்பதுதான் வேலை. பல்லை எடு, அடியைக் கிள்ளு, ஒரு தள்ளு. தோல் இந்தப் பக்கம், பல் அந்தப் பக்கம். கண் ஒரு பக்கம் இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும், கை மட்டும் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். சமையல் மாஸ்டர்கூடக் கிண்டல் செய்வார்: "பூண்டக்கா தூங்கினாலும் ஒரு கிலோ உரிஞ்சிடும்." அந்தக் கைதான் அவளுக்குச் சோறு போட்டது. அதே கைதான் அவள் வாயில் மண்ணையும் போடப் பார்த்தது.

அவள் புருஷன் லாரி டிரைவர். சிமெண்டிலிருந்து விதை மூட்டை வரை அவர் ஏற்றாத சரக்கு இல்லை. சர்க்கரை வியாதி போன வருஷம் கண் இரண்டையும் கொண்டுபோனது. அதோடு விட்டதா? வலது காலில் ஒரு புண் வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பதினாலு நாளைக்கு மருந்து தர்றேன். பதினஞ்சாம் நாள் வந்து சேர்ந்துடணும். ரெண்டு விரலை எடுத்தாகணும். விட்டா கால் போயிடும், அப்புறம் ஆளே போயிடுவாரு" என்றார்.

டிரைவர் வீட்டுக்கு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சுவர் தெரியாத மனிதருக்குச் சுவர் எதற்கு என்று கேட்கக்கூடாது. "கண்ணு போச்சு. இப்ப விரலு. அடுத்தது என்ன? நான் வரல. இப்படியே போறேன்" என்றார். அதற்குமேல் வாயே திறக்கவில்லை. அவள் கெஞ்சினாள், அழுதாள், திட்டினாள். கல்லோடு பேசியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

மறுநாள் மதியம் அவள் பையைக் கட்டிலில் கவிழ்த்தபோது ஒரு பூண்டுப் பல் உருண்டு அவர் கையில் பட்டது. அவர் எடுத்துத் தடவினார். நுனியில் லேசாக முளை எட்டிப் பார்த்தது.

"இது முளைச்சிருக்கு. நட்டா வருமா?" என்றார்.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. அவர் கையிலிருந்து வாங்கிய அந்தப் பல்லை எங்கே வைத்தாள் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு அவசரம். தெருமுனைக் கடைக்கு ஓடி, இருந்ததிலேயே பெரிய பூண்டாக ஒன்று வாங்கிவந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பல் பல்லாகப் பிரித்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பால்கனியில் கைப்பிடி உடைந்த நீல வாளி ஒன்று கிடந்தது. அதில் மண் நிரப்பிப் பன்னிரண்டு பல்லையும் புதைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

"சரி, இதுல ஒண்ணு முளைச்சாலும் நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன். முளைக்கலைன்னா என்னைக் கூப்பிடக்கூடாது. சம்மதமா?" என்றார் அவர்.

"சம்மதம்" என்றாள், யோசிக்காமலே.

அன்றிலிருந்து வாளிதான் அவளுக்கு எல்லாம். எழுந்ததும் வாளி, வேலையிலிருந்து வந்ததும் வாளி. "வந்துடுச்சா?" என்று தினமும் ஒருமுறை கேட்பார். "வந்துடும்" என்பாள். நான்காம் நாள் வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை. அவர் காலில் கட்டு மாற்றும்போது அடிக்கிற வாடை மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது.

பத்தாம் நாள் கேன்டீனில் ஸ்டோர்காரரிடம் வாய்விட்டுக் கேட்டாள். "கடைப் பூண்டு நட்டா முளைக்காதாண்ணே?"

"சிலது முளைக்கும், சிலது தூங்கும்மா. தோலோடதானே நட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது அவள் பார்வை மடிமேல் விழுந்தது. கை அதுபாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் தோல், அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று பல்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடிவந்து மண்ணைக் கிளறினாள். பன்னிரண்டும் கொழகொழவென்று அழுகிக் கிடந்தன. உரித்துத்தான் நட்டிருக்கிறாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பாவி, இந்தக் கையை எதைக்கொண்டு அடிப்பது?

இனி புதிதாக நட்டு முளைக்கப் பத்து நாளாவது ஆகும். கையில் இருப்பதோ நாலு நாள். முளைவிட்ட பூண்டு ஒன்று அகப்பட்டால் போதும் என்று கேன்டீன் மூட்டைகளையும் தெருக்கடைகளையும் சல்லடை போட்டுச் சலித்தாள். வேண்டாத நாளில் குப்பைக்குப் போகிற சரக்கு, வேண்டிய நாளில் ஒன்றுகூட இல்லை. பதினாலாம் நாள் கழிவுக்கூடையில் அவளுக்குக் கிடைத்தது முளைவிட்ட நாலு சின்ன வெங்காயம்தான். முளைகள் விரல் நீளத்துக்கு, பச்சைப் பசேலென்று இருந்தன. அவள் இரண்டு தடவை யோசிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பச்சை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வாளியில் புதைத்தாள்.

"ஏங்க, வந்துடுச்சுங்க" என்றாள். குரல் நடுங்கியது. சந்தோஷம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் வாளியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் விரல்கள் மண்ணைத் தேடி, பச்சையைத் தேடி, அடியிலிருந்து நுனி வரை ஒருமுறை ஊர்ந்தன. பிறகு ஒன்றைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

"பூண்டு இலை தட்டையா இருக்கும். இது குழாய் மாதிரி இருக்கு" என்றார். "வாசமும் வெங்காயம். உன் கை வாசத்துல பத்தொன்பது வருஷம் தூங்கினவன்கிட்ட வெங்காயத்தக் கொண்டாந்து நீட்டுற."

"அழுகிப்போச்சுங்க. உரிச்சு நட்டுட்டேன். தெரியாம..."

"எனக்குத் தெரியும்."

"என்னது?"

"நீ உரிக்கிற சத்தம் அன்னைக்கே கேட்டுச்சு. விதைப் பூண்டு லோடு எத்தனை அடிச்சிருக்கேன். தோல் கிழிஞ்ச பல்லு அழுகிடும்னு அந்த மூட்டைய எவனும் எடுக்கமாட்டான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முளைக்காது என்று தெரிந்துகொண்டுதான் மனுஷன் அப்படி ஒரு வாக்கு வாங்கியிருக்கிறார். தினமும் "வந்துடுச்சா" என்று கேட்டதும் அதைத் தெரிந்துகொண்டுதான். அவள் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றியதெல்லாம் அவர் சாவுக்கு.

அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து அவர் நல்ல காலைக் கட்டிக்கொண்டாள்.

"கண்ணு இல்லாட்டி பரவால்ல. விரலு, காலு எது போனாலும் பரவால்ல. நீங்க வேணுங்க எனக்கு. உசுரு உங்களுக்குப் பாரமா இருக்குன்னா, எனக்காக இருங்க. எனக்கு வேற யாரு இருக்கா?"

கீழே தெருவில் ஒரு லாரியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பி, லாரி நிற்கும்வரை அப்படியே இருந்தது.

"ஒரு பூண்டு கொண்டா. நீ தொடாத. அப்படியே முழுசா குடு" என்றார்.

கொடுத்துவிட்டு அவள் இரண்டு கையையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தக் கைகளை இனி அவள் நம்புவதாக இல்லை. அவர் நிதானமாகப் பிரித்தார். ஒவ்வொரு பல்லையும் தடவித் தோல் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, கூர்ப்பக்கம் மேலே இருக்க மண்ணில் அமுக்கினார். பதினொன்று தேறியது.

"முளைக்க எத்தனை நாளாகும்?"

"பத்து நாளாகும். ஆஸ்பத்திரில நாளைக்கே வரச் சொல்லியிருக்காங்க."

அவர் மண் ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"பத்து நாள்ல என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

"அனுப்பிடுவாங்க" என்றாள். அது பொய்யா நிஜமா என்று அவளுக்குத் தெரியாது.